சூடானதும் மிஸ் அடிக்கும் எம்.பி.எஃப்.ஐ வண்டி: ப்ளக், ஒயர் எல்லாம் மாற்றியும் தீரவில்லை

கோவை_ஹேட்ச்பேக்

வணக்கம். அப்பா 2005-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி, இப்போது நான் ஓட்டுகிறேன். 1.1 லிட்டர், நாலு சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் ரகம்). கேஸ் கிட் எதுவும் போட்டதில்லை.

காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சிங்காநல்லூரில் கிளம்பி ஹோப்ஸ் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்து கொஞ்ச நேரம் ஆனதும் ஆரம்பிக்கிறது. 850-இல் நிற்க வேண்டிய ஐடிலிங் 500-க்கு இறங்கி, மறுபடி ஏறி, ஆடிக்கொண்டே இருக்கிறது. லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றால் சீட்டே அதிர்கிறது, சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. இரண்டாவது கியரில் லேசாக மிதித்தால் திணறல். நன்றாக மிதித்து 3000 ஆர்.பி.எம்-க்கு மேலே கொண்டுபோனால் சரியாகிவிடுகிறது. ஊருக்குள் 15 கொடுத்த மைலேஜ் இப்போது 11. பின்னால் நின்றால் பெட்ரோல் வாடை.

மெக்கானிக் இதுவரை ப்ளக், ப்ளக் ஒயர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினார், த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இரண்டு நாள் நன்றாக இருப்பதுபோல் இருந்து பழையபடி வந்துவிடும். இப்போது "ஈ.சி.யூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், பழையது ஒன்று தேடலாம்" என்கிறார். செக் லைட் எரியவில்லை. ஈ.சி.யூ-வில் கை வைக்கும் முன் வேறு என்ன பார்க்கலாம்?

மதுரை_பெட்ரோல்

ஈ.சி.யூ-வுக்குப் போகாதீர்கள் நண்பரே. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகும் அது "இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்று சொன்னால் ஈ.சி.யூ பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் வாடை, மைலேஜ், திணறல் மூன்றும் அதோடு பொருந்துகிறது. டாஷ்போர்டு முள் சரியாக இருப்பதை நம்ப வேண்டாம். நிறைய வண்டிகளில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈ.சி.யூ-வுக்கு வேறு சென்சார்.

பட்டறை_அண்ணன்

தம்பி, கூலன்ட் சென்சார் நல்ல யூகம், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதையும் வாங்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சூடானதும் பெட்ரோல் கூடுதலாகப் போகிறதா, குறைவாகப் போகிறதா? இது தெரியாமல் பாகம் மாற்றிக்கொண்டே போனால் செலவுதான் ஏறும்.

குளிர்ந்த எஞ்சினில் ஈ.சி.யூ ஆக்சிஜன் சென்சாரைக் கண்டுகொள்ளாது. கூலன்ட் சென்சார் சொல்வதை வைத்து, தன்னிடம் உள்ள கணக்குப்படி பெட்ரோலைத் தாராளமாகவே கொடுக்கும். சிறு குறைகள் அந்தத் தாராளத்தில் மறைந்துவிடும். எஞ்சின் சூடாகி, ஆக்சிஜன் சென்சாரும் 300 டிகிரிக்கு மேல் போன பிறகு, அது சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி அளவைத் திருத்த ஆரம்பிக்கும். இது தவிர, வண்டியில் சில வேலைகள் சூடான பிறகுதான் தொடங்கவே செய்யும். கேனிஸ்டரிலிருந்து, அதாவது டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பாவிலிருந்து, பெட்ரோல் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு அதில் ஒன்று, எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர் இருந்தால் அது இன்னொன்று. இதோடு சூட்டில் கெட்டுப்போகும் சாமான்கள்: இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், டேங்கில் இருக்கும் பெட்ரோல் பம்ப்.

கிராங்க் சென்சார் என்றால் இப்படி ஆடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும், ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். பம்ப் என்றால் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போதுதான் சக்தி இல்லாமல் போகும். உங்கள் வண்டி மிதித்தால் சரியாகிறது, அது முக்கியமான தகவல்.

செய்ய வேண்டியவை. வண்டி மிஸ் அடிக்கும் நிலையிலேயே எஞ்சினை நிறுத்தி நாலு ப்ளக்கையும் கழற்றி நிறம் பாருங்கள். எந்த சிலிண்டரில் இருந்தது எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈ.சி.யூ-வுக்குப் போகும் கூலன்ட் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள், காலையில் ஒருமுறை, மிஸ் அடிக்கும்போது ஒருமுறை. இந்த ரக சென்சார் பெரும்பாலும் 20 டிகிரியில் 2500 ஓம்ஸ் அருகிலும், 80 டிகிரியில் 300 அருகிலும் காட்டும். எந்த அளவாக இருந்தாலும் பழுது இருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். ஆறின பிறகு பட்டறையில் எடுத்த அளவு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

சேலம்_கேஸ்வண்டி

என் வண்டியிலும் இதே மாதிரிதான், ஆனால் எல்.பி.ஜி போட்டது. குளிரில் நன்றாக இருக்கும், சூடானால் ஐடிலிங்கில் ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல் அதிரும், பெட்ரோலுக்கு மாற்றினாலும் அதே கதை. காயில் மாற்றியாகிவிட்டது. நானும் இதைத் தொடர்கிறேன்.

பட்டறை_அண்ணன்

சேலம் தம்பி, உங்களுடையது வேறு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். எல்.பி.ஜி-யில் ஓடும் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் சீக்கிரம் தேயும். சீட் தேய்ந்தால் வால்வு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருப்பது) குறையும். குளிரில் இருக்கும் கொஞ்சநஞ்ச இடைவெளி, சூட்டில் வால்வு நீண்டதும் இல்லாமல் போய்விடும். வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும். ஐடிலிங்கில் தெரியும், ரைஸ் செய்தால் மறையும். முதலில் சூடான எஞ்சினில் கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் டேப்பட் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போடுங்கள். காயில், ஒயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

கோவை_ஹேட்ச்பேக்

அண்ணே, நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

நாலு ப்ளக்கும் ஒரே மாதிரி கறுப்பு. எண்ணெய்ப் பசை இல்லை, தொட்டால் கையில் ஒட்டும் காய்ந்த கரி. புது ப்ளக் போட்டு அதிக நாள் ஆகவில்லை. சைலன்சர் வாயிலும் அதே கரி.

கூலன்ட் சென்சார் காலையில் 2100 ஓம்ஸ், மிஸ் அடிக்கும்போது 270. கனெக்டர் பின்னில் பச்சை எதுவும் படியவில்லை.

மதுரை_பெட்ரோல்

சரி, அப்படியானால் சென்சார் நன்றாக இருக்கிறது. அடுத்து எனக்குத் தோன்றுவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2005 வண்டி இ20-க்காகச் செய்யப்பட்டது அல்ல. இப்போது எந்த பெட்ரோல் பங்கிலும் அதுதான் வருகிறது. நிறைய பழைய வண்டிகளில் மைலேஜ் இறங்கியிருக்கிறது.

பட்டறை_அண்ணன்

மதுரை சார், இ20-ஐப் பற்றிய கவலை நியாயமானது, பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ், சீல்களை நானும் இப்போது கூடுதலாகக் கவனிக்கிறேன். ஆனால் இந்த வண்டியின் கரிக்கு அது காரணமாக இருக்க முடியாது. கணக்கைப் பாருங்கள். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5 என்று வரும். அதாவது அதே காற்றுக்கு இ20 கூடுதலாக ஊற்ற வேண்டும், இ10-ஐவிட சுமார் 4 சதவீதம். பழைய ஈ.சி.யூ அதைச் செய்யத் தவறினால் கலவை பெட்ரோல் குறைந்த பக்கம் போகும். ப்ளக் வெளுக்குமே தவிர கறுக்காது. மைலேஜிலும் 15-லிருந்து 11 என்பது கால் பங்குக்கும் மேல். எத்தனாலால் அவ்வளவு இறங்காது.

கோவை தம்பி, பாதி வேலை முடிந்துவிட்டது. பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, நாலு சிலிண்டருக்கும் சமமாகப் போகிறது. அதனால் ஒரே ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்பது இல்லை. ப்ரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் வழியாகப் பெட்ரோல் கசிந்தாலும் அந்த ஹோஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்து சிலிண்டர்தான் அதிகம் கறுக்கும். இருந்தாலும் ரெகுலேட்டருக்கு அப்படி ஒரு ஹோஸ் இருந்தால் கழற்றி முகர்ந்து பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது.

அடுத்து ஸ்கேனர் வேண்டும். உங்களுடைய வண்டி இந்தியாவில் ஓ.பி.டி (வண்டியே தன் பழுதைக் கண்டறிந்து சொல்லும் அமைப்பு) கட்டாயமான 2010-க்கு முந்தையது. ஆன்லைனில் விற்கும் மலிவான புளூடூத் கருவி அதோடு பேசாமல் போகலாம். பல பிராண்டுகளுக்கும் சேர்ந்த ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையாகப் பிடித்து, கோட் (ஈ.சி.யூ பதிந்து வைத்த பழுது எண்) மட்டும் பார்க்காமல் லைவ் டேட்டா (அந்தந்த நேரத்து அளவுகள்) காட்டச் சொல்லுங்கள். மிஸ் அடிக்கும்போது ஐடிலிங்கில் ஒருமுறை, 3000-இல் பிடித்துக்கொண்டு ஒருமுறை: கூலன்ட் டிகிரி, ஆக்சிஜன் சென்சார் வோல்ட், ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம் (ஈ.சி.யூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற உடனடித் திருத்தமும் நீண்ட காலத் திருத்தமும்), மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம்).

கோவை_ஹேட்ச்பேக்

கணபதியில் ஒரு பட்டறையில் பார்த்தோம். கோட் எதுவும் இல்லை. மிஸ் அடிக்கும்போது எடுத்தவை:

ஐடிலிங்கில் கூலன்ட் 88. ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் 0.8-க்கு மேல், எப்போதாவது கீழே வருகிறது. லாங் டெர்ம் −19, ஷார்ட் டெர்ம் −8-க்கும் −15-க்கும் நடுவில். மேப் 38 கேபிஏ, எஞ்சின் ஆடும்போது 44 வரை.

3000-இல் ஆக்சிஜன் சென்சார் நன்றாக ஏறி இறங்குகிறது. லாங் டெர்ம் −5, ஷார்ட் டெர்ம் பூஜ்யத்தை ஒட்டி.

ரெகுலேட்டர் ஹோஸ் காய்ந்துதான் இருக்கிறது. பட்டறைக்காரர் ஆக்சிஜன் சென்சார் மாற்றிப் பார்க்கலாம் என்றார், நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பட்டறை_அண்ணன்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. ஆக்சிஜன் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. ப்ளக்கில் இருக்கும் கரியும், 0.8 வோல்ட்டுக்கு மேல் நின்று அது சொல்வதும் ஒன்றுதானே, பெட்ரோல் கூடுதல் என்று? 3000-இல் ஒழுங்காக ஏறி இறங்குகிறது என்றால் உயிரோடு இருக்கிறது. ஈ.சி.யூ-வும் நன்றாகவே இருக்கிறது. கூடுதலாக வருவதைப் பார்த்து, தன் பங்கை 19 சதவீதம் குறைத்து, அதற்கு மேலும் குறைத்துப் போராடிக்கொண்டிருக்கிறது. செக் லைட் எரியாததற்கும் காரணம் அதுதான், ஈ.சி.யூ-வின் பொறுமை எல்லை இன்னும் தாண்டவில்லை.

இன்னொரு விஷயம். ப்ளக், காயில் கோளாறால் மிஸ் அடித்தால், எரியாத காற்று அப்படியே சைலன்சருக்குப் போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "பெட்ரோல் குறைவு" என்று சொல்லும், ட்ரிம் கூட்டல் பக்கம் ஏறும். உங்களுக்குக் கழித்தல். அதனால் காயிலை மறந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். ஐடிலிங்கில் −19, 3000-இல் −5. பம்ப் ப்ரஷரே அதிகம் என்றால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு கழித்தல் இருக்கும். இங்கே வேகம் கூடக் கூடக் கோளாறு சிறுத்துப்போகிறது. அப்படியானால் இன்ஜெக்டர் அல்லாத வேறு வழியாக, கிட்டத்தட்ட மாறாத ஒரு சிறு அளவு பெட்ரோல் உள்ளே வருகிறது. ஐடிலிங்கில் எஞ்சினுக்குத் தேவையே கொஞ்சம்தான், அதில் இது பெரிய பங்கு. 3000-இல் அது ஒன்றுமே இல்லை. சமையலில் ஒருவர் அளந்து உப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் தெரியாமல் ஒரு சிட்டிகை போடுவது மாதிரி.

அந்த இன்னொரு வழி, என் கணக்கில், இரண்டுதான். ஒன்று கேனிஸ்டர், பர்ஜ் வால்வு. இரண்டு, பெட்ரோல் கலந்த எஞ்சின் ஆயில், பி.சி.வி ஹோஸ் (ஆயில் பகுதியின் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் குழாய்) வழியாக. இரண்டுமே சூடான பிறகுதான் தலைகாட்டும்.

எஞ்சின் அறையில் ஒரு கறுப்பு டப்பா இருக்கும், சில வண்டிகளில் டேங்க் பக்கம் இருக்கும். அதிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு வரும் ஹோஸின் நடுவில் இருப்பது பர்ஜ் வால்வு. மிஸ் அடிக்கும்போது முதலில் வால்வின் கரண்ட் கனெக்டரை மட்டும் கழற்றிவிட்டு ஐடிலிங்கைப் பாருங்கள். அப்புறம் கனெக்டரை மாட்டிவிட்டு, துணி சுற்றிய ப்ளையரால் ஹோஸை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் கவனம். டிப்ஸ்டிக்கை எடுத்து அளவும் வாடையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பங்கில் பெட்ரோல் எப்படிப் போடுகிறீர்கள்?

கோவை_ஹேட்ச்பேக்

அண்ணே, கனெக்டரைக் கழற்றிக் கொஞ்ச நேரத்திலேயே ஆட்டம் நின்றுவிட்டது! 850-இல் அப்படியே நிற்கிறது. மாட்டினால் மறுபடி ஆட்டம். ஹோஸை அழுத்தினாலும் அதே பலன். பழுது என் கைக்குள் வந்து போனதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை.

டப்பாவைக் கழற்றினேன். கனமாக இருக்கிறது, ஆட்டினால் உள்ளே தண்ணீர்போல் சத்தம், கவிழ்த்தால் பெட்ரோல் சொட்டுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, பெட்ரோல் வாடை தெளிவாகத் தெரிகிறது.

பங்கில் எப்போதும் ஃபுல் டேங்க்தான். கன் தானாக கட் ஆனதும் ஐந்நூறு, ஆயிரம் என்று வரும்வரை பையன் விட்டுவிட்டு அழுத்தி ரவுண்டாக்குவார். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அதுவா காரணம்?

பட்டறை_அண்ணன்

அதுதான் காரணம் தம்பி. அந்த டப்பாவுக்குள் இருப்பது கரித்துகள். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்துக்கொண்டு, எஞ்சின் சூடான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பும். ஆவிக்காகச் செய்த இடம் அது. டேங்கின் மேல் பகுதியில் காற்றுக்கென்று ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். கன் கட் ஆன பிறகும் கழுத்துவரை நிரப்பினால் அந்த இடைவெளி போய்விடும், பெட்ரோல் திரவமாகவே ஆவிக் குழாய் வழியாகக் கேனிஸ்டருக்கு ஏறும். அதோடு நம் ஊர் வெயில். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் 35 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை லிட்டர் விரியும். கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் அந்த அரை லிட்டர் எங்கே போகும்?

கனெக்டரைக் கழற்றியதும் நின்றது என்பதால் உங்கள் பர்ஜ் வால்வு நல்லது, கரண்ட் இல்லாவிட்டால் ஒழுங்காக மூடுகிறது. கழற்றியும் ஆட்டம் தொடர்ந்து, ஹோஸை அழுத்தும்போது மட்டும் நின்றிருந்தால் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஆனால் கேனிஸ்டர் உடைந்து கரித்துகள் வால்வுக்கு வந்திருக்கலாம். வால்வைக் கழற்றித் தட்டிப் பாருங்கள், கறுப்புப் பொடி கொட்டினால் அதையும் மாற்றி, ஹோஸை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். வால்வு காயில் பெரும்பாலும் 20 முதல் 40 ஓம்ஸுக்குள் காட்டும்.

கேனிஸ்டர் மாற்றத்தான் வேண்டும். பெட்ரோலில் ஊறிய கரி பழைய நிலைக்கு வருவதில்லை. வெயிலில் காய வைக்கிறேன், கம்ப்ரஸரில் ஊதுகிறேன் என்று இறங்காதீர்கள். அந்த ஆவி ஒரு பொறியில் பிடித்துக்கொள்ளும், வீட்டுப் பக்கம் வைக்கவே வேண்டாம்.

ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள், இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்னும். சூடானதும் அதில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி பி.சி.வி வழியாக மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போகும். கேனிஸ்டர் மட்டும் மாற்றிவிட்டு ஆயிலை விட்டால் பழுது பாதி மிச்சமிருக்கும்.

சென்னை_பழையகார்

இடையில் ஒரு கேள்வி. எங்கள் மெக்கானிக் இந்த டப்பாவே தேவையில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார். மேனிஃபோல்டு பக்கம் மூடியிருக்கிறார், டேங்கிலிருந்து வரும் குழாய்க்கும் ஒரு போல்ட் அடித்திருக்கிறார். வண்டி நன்றாக ஓடியது. இப்போது நீண்ட தூரம் போனால் சக்தி குறைகிறது, டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று இழுக்கிறது, அப்புறம் கொஞ்ச தூரம் சரியாக ஓடுகிறது.

பட்டறை_அண்ணன்

அந்த போல்ட்டை இன்றே எடுங்கள் சார். டேங்க் மூச்சு விடுவதே அந்தக் குழாய் வழியாகத்தான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வழி இல்லாததால் உள்ளே வேக்குவம் உண்டாகி பம்ப் இழுக்க முடியாமல் திணறுகிறது. அதற்காகக் குழாயை எஞ்சின் அறையில் திறந்து விடவும் கூடாது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் பெட்ரோல் ஆவி நிற்பது நேராகத் தீ விபத்துக்கு வழி. கேனிஸ்டர் வாங்கி முறையாகப் பொருத்துங்கள், வேறு குறுக்குவழி இல்லை.

சேலம்_கேஸ்வண்டி

அண்ணே, சூட்டில் கம்ப்ரஷன் பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டரும் 12 பாரை ஒட்டி, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 8. டேப்பட் கவர் கழற்றினால் மூன்றாவது எக்ஸாஸ்டில் மெல்லிய ஃபீலர்கூட நுழையவில்லை. அளவுக்குச் செட் செய்ததும் ஐடிலிங் அதிர்வு போய்விட்டது.

பட்டறை_அண்ணன்

நல்லது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி கம்ப்ரஷன் பாருங்கள். 8 அப்படியே இருந்தால் வால்வு எரிந்திருக்கிறது, ஹெட் இறக்க வேண்டி வரும். மேலே வந்துவிட்டால் தப்பித்தீர்கள். எப்படியானாலும் கேஸில் ஓட்டும்வரை டேப்பட்டை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தோடும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை_ஹேட்ச்பேக்

வேலை முடிந்தது. புது கேனிஸ்டர் போட்டதும் அதே கணபதி பட்டறையில் ட்ரிம் பார்த்தோம், ஐடிலிங்கில் லாங் டெர்ம் −19-லிருந்து −8-க்கு வந்து நின்றது. ஆயில், ஃபில்டர் மாற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் −2. ஆயில் விஷயத்தில் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. பர்ஜ் வால்வில் பொடி கொட்டவில்லை, 28 ஓம்ஸ் காட்டியது, பழையதையே விட்டுவிட்டேன். ப்ளக்கில் கரி போய் இளம் பழுப்பு நிறம் வந்திருக்கிறது. ஈ.சி.யூ-வுக்காக வைத்திருந்த பணத்தில் கால் பங்குகூடச் செலவாகவில்லை. உங்கள் எல்லோருக்கும், குறிப்பாக அண்ணனுக்கு, மனமார்ந்த நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும். இவ்வளவு நாள் பெட்ரோல் கூடுதலாகப் போனதில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கெட்டிருக்குமா? எப்படிப் பார்ப்பது?

பட்டறை_அண்ணன்

பார்ப்பது நல்லது. ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் ப்ரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள், உங்கள் சென்சார் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்தால் போதும். 2500-இல் பிடித்து நிறுத்தும்போது 0.2 பாருக்குள் இருந்தால் அடைப்பு இல்லை. பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கும்போது கார்பன் மோனாக்சைடு அளவையும் குறித்து வாருங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு.

இனி கன் முதல்முறை தானாக கட் ஆனதுமே நிறுத்தச் சொல்லுங்கள். சில்லறைக்காக ரவுண்டாக்க வேண்டும் என்றால் முன்பே "எண்ணூறு ரூபாய்க்கு" என்று சொல்லிப் போடுங்கள், டேங்க் நிரம்பும் முன்பே அது முடிந்துவிடும்.